மூச்சுக்கு எத்தனை ரூபாய்?

அகேட் கல்லில் ஒரு காங்கேயம் காளை. மூக்கு நுனியிலிருந்து பின்தொடை வரை 12 செ.மீ., குளம்பிலிருந்து கொம்பு நுனி வரை 9 செ.மீ., குறுக்கே 5 செ.மீ. திருப்பூர் மண்ணரையில் 25-ஆம் ஆண்டை முடிக்கும் ஒரு பனியன் கம்பெனி, தொடக்கத்திலிருந்து தன்னை நம்பி ஆர்டர் கொடுத்த பையருக்கு இதை நினைவுப் பரிசாகத் தர நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு என்ன செலவாகும்?

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு டி-சர்ட்டுக்கு நூல் எத்தனை கிராம், நிட்டிங் கூலி எவ்வளவு, சாயம் எவ்வளவு, கட்டிங் வேஸ்ட் எத்தனை சதவீதம், பட்டனுக்கும் பாலிபேக்குக்கும் எத்தனை பைசா என்று காஸ்டிங் ஷீட் போட்டுப் பழகிய ஊர் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி அந்தப் பைசாக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. ஆனால் பரிசுப் பொருள் வாங்கும்போது மட்டும் நாம் மொத்த விலையைக் கேட்கிறோமே தவிர, அது எதனால் ஆன விலை என்று பிரித்துக் கேட்பதில்லை. டி-சர்ட்டுக்குப் போடுவதைப் போலவே காளைக்கும் ஒரு ஷீட் போட்டுப் பார்க்கிறேன். கீழே வரும் எடை, கன அளவு எல்லாம் எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு. ரூபாய் விலைகள் மதிப்பீட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷனை அந்த இடங்களில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் கல். அகேட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.6 கிராம். மேலே சொன்ன காளையை எடுக்க, சுற்றிலும் அரை செ.மீ. விட்டு 13 × 10 × 6 செ.மீ. கட்டி வேண்டும். 780 கன செ.மீ., அதாவது 2,028 கிராம். காளையை ஒரு பெட்டிக்குள் அடைத்தால் அந்தப் பெட்டியின் அளவு 540 கன செ.மீ. கால்களுக்கு இடையே, வயிற்றுக்குக் கீழே, கழுத்துக்கு மேலே எல்லாம் வெற்றிடம். உருவம் அந்தப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும் என்று கொண்டால் 180 கன செ.மீ., எடை 468 கிராம். ஆக, இரண்டு கிலோ கல்லில் மிஞ்சுவது அரை கிலோவுக்கும் குறைவு. 1,560 கிராம் போய்விடுகிறது, அதாவது 77 சதவீதம். துணியில் 77 சதவீதம் கட்டிங் வேஸ்ட் என்றால் அந்தக் கட்டிங் மாஸ்டர் அடுத்த நாள் வேலையில் இருக்க மாட்டார். கல்லில் அதுதான் நியதி.

போகும் 1,560 கிராமும் ஒரே மாதிரி போவதில்லை. பாதியை வைர ரம்பத்தால் துண்டாக அறுத்து எடுக்கலாம். அந்தத் துண்டுகள் மணியாகவோ மோதிரக் கல்லாகவோ ஆகும், வீணில்லை. மீதிப் பாதி, 780 கிராம், தூளாகத்தான் வெளியேற வேண்டும். இந்த எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

ஏன் தூளாக்க வேண்டும், உளி வைத்துச் செதுக்கினால் என்ன? மாமல்லபுரத்துச் சிற்பி கருங்கல்லை உளியால் கொத்துகிறார். கருங்கல் பல தாதுக்களின் மணிகள் கோத்த கல், அடிபட்ட இடத்தில் பொடிந்து கொடுக்கும். அகேட் அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குவார்ட்ஸ் இழைகள் இறுகியது. மோஸ் அளவில் அதன் கடினம் 6.5 முதல் 7. சாதாரண எஃகுக் கத்தி அதில் கீறல்கூடப் போடாது. உளியால் அடித்தால் கண்ணாடியைப் போலச் சிப்பி வடிவில் சில்லு பெயரும், எங்கே பெயரும் என்பது சிற்பியின் கையில் இல்லை. கரடுமுரடாக உருவத்தை ஒதுக்க அது போதும். திமிலும் அலைதாடியும் வர வேண்டுமென்றால் வைரத் துகள் பதித்த சக்கரத்தாலும் ஊசிமுனைகளாலும் தேய்த்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அகேட்டில் சிற்பம் என்பது செதுக்குவதல்ல, அரைப்பது.

கல்லைத் தேர்வதில் பாதி வேலை முடிந்துவிடும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறம், ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். வளர்ந்த காளைக்கு உடம்பு சாம்பல், திமிலும் முன்சப்பையும் பின்சப்பையும் கறுப்பு. அகேட் என்பதே பட்டை பட்டையாக நிறம் மாறும் கல். சாம்பல் கல்லில் ஓரமாக ஒரு கரும்பட்டை ஓடும் கட்டி கிடைத்து, அந்தப் பட்டை சரியாகத் திமிலின் மேல் விழுமாறு உருவத்தைக் கட்டிக்குள் திருப்பி வைத்தால் சாயமே வேண்டாம். அதற்காக இரண்டு கட்டி அதிகம் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை. கடையில் கிடைக்கும் கருப்பு அகேட்டில் பெரும்பகுதி சாயம் ஏற்றியது. சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் இட்டால் கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்த சர்க்கரை கரியாகிக் கறுத்துவிடும். இது பழைய வழக்கம், மோசடி அல்ல. ஆனால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சிவப்புக்கு வேறு வழி. கல்லில் உள்ள மஞ்சள் இரும்புச் சேர்மம் சூட்டில் சிவப்பு ஆக்சைடாக மாறும். அப்படித்தான் சூதுபவளம் என்ற கல் சிவக்கிறது.

கொம்பில்தான் சிக்கல். காங்கேயம் காளையின் கொம்பு நீண்டு, பின்னோக்கி வளைந்து, நுனியில் ஒன்றையொன்று நெருங்கி வரும். இந்த அளவு உருவத்தில் கொம்பின் நுனி 3 மி.மீ.க்கு மேல் இருக்க முடியாது. கல்லுக்குள் மறைந்திருக்கும் ஒரு கீறல் போதும், வேலையின் 80-ஆவது மணி நேரத்தில் கொம்பு போய்விடும். அதனால் ஒரு காளைக்கு இரண்டு கட்டி வாங்கி வைக்க வேண்டும் என்பதே என் கணக்கு. இரண்டாவது கட்டி உபரி அல்ல, அது காப்பீடு.

இந்தியாவில் இந்தக் கல்வேலைக்கு ஓர் ஊர் உண்டு, குஜராத்தின் கம்பாத். திருப்பூரிலிருந்து சாலை வழி 1,500 கி.மீ.க்கு மேல். பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் பக்கம் குழி தோண்டிக் கல்லை எடுக்கிறார்கள். வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் அடுக்கிப் புடம் போட்டு, இரும்பு முளையில் கல்லை அணைத்து எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டிச் சில்லெடுத்து, பிறகு சாணைச் சக்கரத்தில் தேய்க்கிறார்கள். கம்பாத் அகேட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஜொனாதன் மார்க் கெனோயர் போன்ற தொல்லியலாளர்கள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தார்கள். சிந்துவெளிக் காலத்துக் கல் துரப்பண முனையால் சூதுபவளத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மி.மீ.தான் துளை இறங்கும் என்பது அவர்கள் சோதனையில் வந்த எண். 36 நீண்ட சூதுபவள மணிகள் கோத்த ஓர் இடைக்கச்சைக்கு 480 வேலை நாள் ஆகியிருக்கும் என்று கெனோயர் மதிப்பிட்டார். மணிக்கு 13 நாளுக்கு மேல்.

ஆனால் கம்பாத்தை மட்டும் சொல்லி நம் பக்கத்தை விட்டுவிட முடியாது. மண்ணரையைத் தொட்டு ஓடும் நொய்யல், கீழே போகும் வழியில் சென்னிமலைக்கு மேற்கே கொடுமணலைக் கடக்கிறது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் தொடங்கிய அகழாய்வு, பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு தொல்லியல் துறை என்று தொடர்ந்தது. அங்கே ஓர் ஈமக்குழியில் மட்டும் கிடைத்த சூதுபவள மணிகள் 2,220. அகேட், சூதுபவளம், பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், செவ்வந்திக்கல் என்று முடித்ததும் முடிக்காததுமாக மணிகளும் கழிவுச் சில்லுகளும் குவிந்து கிடந்தன. கழிவு கிடக்கும் இடமே பட்டறை இருந்த இடம். பதிற்றுப்பத்து அணிகலனுக்குப் பேர்போன ஊராகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. சூதுபவளக் கற்கள் பதித்த ஒரு வெண்கலப் புலியும் அங்கே கிடைத்தது. சிறு உருவத்துக்குள் நுட்பமாகக் கல்லை இழைக்கும் கை இந்த ஆற்றங்கரையில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது. காளைகூடப் புதிதல்ல. 2023-இல் விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அகழாய்வில், பாயும் திமில் காளையைக் குடைந்த சூதுபவளக் கல் ஒன்று வெளிவந்தது.

பக்கத்துப் படியூரில் கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். காங்கேயம் வட்டாரத்துப் பச்சைக்கல் சுரங்கத்தை 1819-20-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் எடுத்து நடத்தினார். ஓராண்டில் 2,196 கல், மதிப்பு 1,201 பவுண்டு. வகுத்தால் கல்லுக்குச் சராசரி 11 ஷில்லிங்கூட வரவில்லை. கல் மலிவு, அதில் ஏறும் கைதான் விலை என்பதை அந்தப் பழைய கணக்கே காட்டுகிறது.

கையேறிய கல்லுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1907-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு, சாண்ட்ரிங்ஹாம் பண்ணையில் இருந்த தன் மிருகங்களை எல்லாம் உருவம் எடுக்கச் சொல்லி, ரஷ்யப் பொற்கொல்லர் ஃபேபர்ஜேயின் நிறுவனத்துக்கு ஆர்டர் கொடுத்தார். அரசி அலெக்ஸாண்ட்ராவுக்குப் பரிசளிக்க. மெழுகில் மாதிரி எடுத்துப் போய், ரஷ்யாவில் அகேட், ஜாஸ்பர், கால்சிடனி போன்ற கற்களில் செதுக்கினார்கள். மன்னரின் செல்ல நாய் சீசர், வெண்மையான கால்சிடனியில், மாணிக்கக் கண்ணோடு, எனாமல் பூசிய பொன் கழுத்துப் பட்டையோடு வந்தது. உயரம் 5 செ.மீ. அளவு, நம் காளையில் பாதிதான். 1910 மே மாதம் மன்னர் இறந்தார், அந்த நாய் சவ ஊர்வலத்தில் பெட்டிக்குப் பின்னால் நடந்து போனது. அதே ஆண்டு நவம்பரில் கிரெவில் சீமாட்டி அந்தச் சிறு உருவத்தை ஃபேபர்ஜேயின் லண்டன் கிளையில் வாங்கி அரசிக்குக் கொடுத்தார். லண்டன் கிளைக் கணக்கேட்டில் பதிவான விலை 35 பவுண்டு.

அன்றைய ஒரு பவுண்டு என்பது ஒரு தங்க நாணயம், 22 காரட்டில் 7.988 கிராம். நம் வீடுகளில் இன்றும் நகை எடுக்கும் சவரன் அளவு அதிலிருந்து வந்ததே. ஆகவே 5 செ.மீ. நாய்க்கு விலை 35 சவரன். பொன்னும் மாணிக்கமும் அதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கல்லைத் தேய்த்த கைக்கும் ஃபேபர்ஜே என்ற பெயருக்கும்.

இனி நம் காளையின் ஷீட். வேலை நேரத்தை இப்படிப் பிரிக்கிறேன். ரம்பத்தில் அறுப்பு 8 மணி, கரடுமுரடாக உருவம் ஒதுக்குதல் 22 மணி, முகம், கொம்பு, திமில், குளம்பு நுணுக்கம் 35 மணி, 400-ஆம் எண் தூளில் தொடங்கிப் படிப்படியாக 3,000 வரை வழவழப்பாக்குதல் 15 மணி, சீரியம் ஆக்சைடில் மெருகு 10 மணி. கூட்டினால் 90 மணி. 8 மணி ஷிஃப்ட் என்றால் 11 நாளும் சொச்சமும்.

கல், 2 கிலோ கட்டி இரண்டு, கிலோ ரூ.1,000 வீதம்: ரூ.4,000
வைர ரம்பம், சக்கரம், முனைகளின் தேய்மானம்: ரூ.3,000
கூலி, 90 மணி, மணிக்கு ரூ.125 வீதம்: ரூ.11,250
மின்சாரம், அரை ஹெச்.பி. மோட்டார், 90 மணிக்கு 34 யூனிட், யூனிட் ரூ.8 வீதம், முழுதாக்கி: ரூ.270
தண்ணீர்: ரூ.50
வழவழப்பாக்கும் தூள், மெருகு: ரூ.600
பீடம், பெயர் பொறிப்பு, பெட்டி: ரூ.1,500
மொத்தம்: ரூ.20,670

கொட்டேஷன் கேட்டால் இந்த ஏழு வரிகள்தான் வரும். கூலியே பாதிக்கு மேல், கல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லாபம் இன்னும் ஏறவில்லை. பார்த்தால் முழுமையான கணக்குப் போலத்தான் தெரியும். அந்த 780 கிராம் தூள் மட்டும் எந்த வரியிலும் இல்லை.

அது எங்கே போகிறது? சக்கரத்தில் தண்ணீர் சொட்டினால் பெரும்பகுதி சேறாகித் தட்டில் விழும். காய்ந்த சக்கரத்தில் தேய்த்தால் காற்றில் ஏறும். அகேட் ஏறத்தாழ முழுக்கச் சிலிக்கா. தூளில் பெரிய மணிகள் தரையில் படிந்துவிடும், மூக்கிலும் தொண்டையிலும் சிக்கியவை சளியோடு வெளியேறிவிடும். 10 மைக்ரானுக்கும் கீழே, அதிலும் நான்கைந்து மைக்ரான் உள்ளவை நுரையீரலின் காற்றறை வரை போய் அங்கேயே தங்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்தால், இந்தத் தூளை ஏன் கண்ணால் பார்க்க முடிவதில்லை என்பது புரியும். அறையில் தூசியே இல்லையே என்று முதலாளி சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

780 கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் இந்த நுண்தூசியாகக் காற்றில் கலக்கிறது என்று மிகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். 0.78 கிராம், ஒரு சிட்டிகை உப்பு அளவு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குவார்ட்ஸ் தூசிக்கு ஒரு சூத்திரம் தந்திருந்தார்கள். பத்தை, குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி வகுக்க வேண்டும். முழுக் குவார்ட்ஸ் என்றால் 10-ஐ 102-ஆல் வகுத்து, ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். அதுதான் அந்தச் சட்டத்தின் உச்ச வரம்பு. 780 மில்லிகிராமை அந்த வரம்புக்குள் கரைக்க 7,800 கன மீட்டர் காற்று வேண்டும். 20-க்கு 20 அடி, 10 அடி உயர அறையில் இருப்பது 113 கன மீட்டர். ஆக, ஒரே ஒரு காளையின் சிட்டிகைத் தூசியைச் சட்டத்துக்கு உட்பட்டதாக ஆக்க அந்த அறையின் காற்றை 69 முறை முழுதாக மாற்ற வேண்டும். அமெரிக்கா 2016-இல் வரம்பை 0.05 மில்லிகிராமாகக் குறைத்தது. அதன்படி 138 முறை.

இன்னொரு பக்கமிருந்தும் கணக்கைப் பார்க்கலாம். 8 மணி ஷிஃப்டில் வேலை செய்பவர் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுத்து விடுகிறார். நம் சட்ட வரம்பிலேயே காற்று இருந்தால்கூட நாளொன்றுக்கு 1 மில்லிகிராம், 250 நாளில் 250 மில்லிகிராம், 20 ஆண்டில் 5 கிராம் நுண்தூசி அவர் மூச்சு வழியே போய்வருகிறது. அதில் ஒரு பகுதி உள்ளேயே தங்குகிறது. தங்கிய இடத்தில் நுரையீரல் தழும்பாகி இறுகுகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர். குணப்படுத்தும் மருந்து இல்லை, வேலையை நிறுத்திய பிறகும் அது வளரக்கூடும். காசநோய் எளிதில் பற்றும். 1997-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

கம்பாத்தில் இது ஏட்டுக் கணக்கல்ல. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே பலமுறை ஆய்வு செய்து, சாணைத் தொழிலாளர்களிடம் மட்டுமல்லாமல் அதே வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருந்தவர்களிடமும் இந்த நோயைக் கண்டது. பட்டறை வீட்டுத் திண்ணையிலேயே இருப்பதால் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. தூசியை உறிஞ்சும் கருவியையும் அந்த நிறுவனமே வடிவமைத்துக் காட்டியது. அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. கருவிக்கு ஆகும் பணம் எந்தக் கொட்டேஷனிலும் ஏறாததால் பெரும்பாலான சாணைகளுக்குக் கருவி வந்து சேரவில்லை.

சட்டமும் அங்கே எட்டுவதில்லை. சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லிருந்து சொல்லிவந்தது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கிவிட்டது. அகேட் பட்டறையில் இரண்டு பேர், நான்கு பேர். எண் ஏற ஏற அவர்கள் சட்டத்திலிருந்து இன்னும் தூரமாகிறார்கள். இது தவறான திசை என்பது என் உறுதியான எண்ணம். தூசிக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது.

அப்படியானால் கொட்டேஷனில் விடுபட்ட அந்த எட்டாவது வரிக்கு எவ்வளவு போட வேண்டும்? இரண்டு இருக்கை உள்ள பட்டறை ஒன்றுக்குச் சொட்டுநீர் பம்பு, உறிஞ்சும் விசிறி, குழாய், வடிகட்டி எல்லாம் சேர்த்து ரூ.60,000 என்று வைப்போம். ஐந்தாண்டு உழைக்கும். ஓர் இருக்கையில் ஆண்டுக்கு 20 உருவம் என்றால் ஐந்தாண்டில் மொத்தம் 200 உருவம். ஒன்றின் மேல் விழுவது ரூ.300. நுண்தூசி தடுக்கும் முகக்கவசம், நாளுக்கு ஒன்று ரூ.60 வீதம் 12 நாளுக்கு ரூ.720. ஆண்டுக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை ரூ.1,500, அதை 20 உருவத்துக்குப் பகிர்ந்தால் ரூ.75.

மூச்சுக்காக: ரூ.1,095
திருத்திய மொத்தம்: ரூ.21,765
3 சதவீத ஜி.எஸ்.டி.: ரூ.653
கொடுக்க வேண்டியது: ரூ.22,418

1,095 என்பது முதல் கூட்டுத்தொகையில் 5.3 சதவீதம். என் மதிப்பீடுகள் தவறி அது இரண்டு மடங்கானாலும் 11 சதவீதத்தைத் தாண்டாது. பரிசு கொடுப்பவர் எவரும் இந்த வித்தியாசத்துக்காக ஆர்டரை விட்டுவிடப் போவதில்லை. கேட்டால் தருவார். பிரச்சினை, எவரும் கேட்பதில்லை என்பதுதான். (வரிக் கணக்கில் ஒரு சின்ன எச்சரிக்கை. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(ஹெச்) பிரிவுப்படி உள்ளீட்டு வரிவரவு கிடைக்காது. அந்த 653 ரூபாயைச் செலவாகவே எழுதுங்கள்.)

விடுபட்ட ஒரு வரி என்ன செய்யும் என்பதை மண்ணரைக்கு வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயத் தண்ணீரை நொய்யலில் விட்ட காலத்தில், துணியின் விலையில் ஆற்றின் விலை இல்லை. அந்தப் பணத்தை ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் தங்கள் தென்னையாலும் கிணற்றாலும் கட்டினார்கள். நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று அபராதம் விதித்தது. காஸ்டிங் ஷீட்டில் இல்லாத வரியை நீதிபதிகள் எழுதிச் சேர்த்தார்கள் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அப்போதும் போதவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, கழிவுநீர் சொட்டும் வெளியேறாத முறைக்கு ஊர் மாறியது. மண்ணரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அந்த மாற்றத்தில் ஒன்று. இன்று சாயக் கூலியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு ஏறித்தான் வருகிறது. பையரும் கொடுக்கிறார். தொழில் அழிந்துவிடவில்லை, வளர்ந்திருக்கிறது. அதைத் தங்கள் விற்பனைப் பெருமையாகவே ஏற்றுமதியாளர்கள் சொல்கிறார்கள், நியாயமான பெருமைதான்.

அந்த ஊர் கொடுக்கும் பரிசு, இன்னொரு ஊரின் நுரையீரலைக் கணக்கில் விட்டுவிட்டு வரக்கூடாது. நீரை மறந்ததற்கு நாம் கொடுத்த விலை நமக்குத் தெரியும். தூசியை மறந்ததன் விலையைக் கம்பாத்தில் ஒரு சாணைக்காரர் தனியாக, நீதிமன்றம் போக வழியில்லாமல், வீட்டுக் கட்டிலில் கட்டித் தீர்க்கிறார்.

தண்ணீர் சொட்டத் தேய்க்கும் ஈர முறையில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். தண்ணீர் தூசியைப் பெருமளவு அடக்கும், ஆனால் வேகமாகச் சுற்றும் சக்கரம் தெறிக்கும் நீர்த்திவலையிலும் நுண்தூள் இருக்கும். தட்டில் விழுந்த சேறு மறுநாள் காய்ந்தால் திரும்பத் தூசியாகும். அதனால்தான் உறிஞ்சும் விசிறியையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதற்குச் செலவே இல்லை, பழக்கம்தான் வேண்டும்.

ஆகவே பரிசு ஆர்டர் செய்யும் கம்பெனிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அகேட், சூதுபவளம், பளிங்கு என்று எந்தக் கல்லில் உருவம் கேட்டாலும், பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஈர முறையில் தேய்க்க வேண்டும், உறிஞ்சும் கருவி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கான தொகையைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள், பேரம் பேசும்போது அந்த வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். வேலை நடக்கும்போது பட்டறையின் வீடியோ ஒன்று கேளுங்கள். சக்கரத்தில் தண்ணீர் சொட்டுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். உங்கள் பையர் உங்கள் ஃபேக்டரிக்கு ஆடிட்டரை அனுப்பி, தீயணைப்பான் முதல் கழிப்பறை வரை பார்க்கிறார் அல்லவா? அதே ஆடிட்டை ஒரே ஒரு பரிசுக்காக நீங்களும் ஒருமுறை செய்யுங்கள். செலவு ரூ.1,095.